கேபிளை நிறுத்தினால் எந்தச் சேனல் வரும், எது போகும்? வேலூர் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம் என்று ஃபைபர் இணைப்பு தெருத்தெருவாக வந்துவிட்டது. கேபிளுக்கு ஒரு தொகை, இன்டர்நெட்டுக்கு ஒரு தொகை, போதாததற்கு இரண்டு மூன்று செயலிகளுக்குத் தனிச் சந்தா என்று மாதாமாதம் கட்டுகிற வீடுகளில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. கேபிளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா? சன், விஜய், ஜீ தமிழ், செய்திச் சேனல்கள், டிடி தமிழ், ஊர் லோக்கல் சேனல் எல்லாம் எந்தச் செயலியில் கிடைக்கும்?

இத்தனையும் சேர்ந்து கிடைக்கும் செயலி எதுவும் இல்லை. இதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, சட்டமும் வியாபாரமும்தான். அதைப் புரிந்துகொண்டால் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்பதை அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி முடிவு செய்யலாம்.

வெளிநாட்டு ஆலோசனை இங்கே ஏன் பொருந்தாது

"கேபிளுக்குப் பதில் என்ன?" என்று இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே இருக்கும் பிள்ளைகளும் "யூடியூப் டிவி போட்டுக்கோங்கப்பா" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்களின் சேனல்களை அந்தந்த நகரத்து நிலையங்கள் வான்வழியாகவே ஒளிபரப்புகின்றன. மாடியில் ஒரு ஆன்டெனா வைத்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை. ஆன்டெனாவில் சரியாகக் கிடைக்காதவர்களுக்கு அதே நகர நிலையங்களையும், கூடவே கேபிள் சேனல்களையும் தொகுத்துத் தருவதுதான் யூடியூப் டிவி போன்ற சேவைகளின் வேலை. 2017இல் தொடங்கிய யூடியூப் டிவி அமெரிக்காவுக்குள் மட்டுமே கிடைக்கும். 2025 ஜனவரி முதல் அதன் அடிப்படைக் கட்டணம் மாதம் 82.99 டாலர். நம் ஸ்மார்ட் டிவியில் இருக்கும் யூடியூப் செயலி வேறு, அது வேறு.

இந்தியாவில் தரைவழிக் கோபுரத்திலிருந்து டிவி ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டுமே இருந்தது. தனியார் சேனலுக்கு அந்த அனுமதி ஒருபோதும் தரப்படவில்லை. 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் டிவியும் செயற்கைக்கோள் வழியாகக் கேபிள்காரரின் டிஷ்ஷுக்கு வந்து, அங்கிருந்து ஒயரில்தான் வீட்டுக்கு வந்தது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்களும் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. எனவே "ஆன்டெனாவும் ஒரு செயலியும் போதும்" என்ற யோசனைக்கு வேலூரில் வழியே இல்லை.

வீட்டுக்குச் சேனல் வரும் நான்கு பாதைகள்

1. கேபிள். பெரிய நிறுவனம் ஒன்று தன் கட்டுப்பாட்டு அறையில் சேனல்களைச் சேர்த்து அனுப்புகிறது. இதை எம்எஸ்ஓ என்பார்கள். அரசு கேபிள் டிவி நிறுவனமும் அப்படி ஒரு எம்எஸ்ஓதான். அது 2008இல் கட்டுப்பாட்டு அறை அமைத்த முதல் நான்கு ஊர்களில் வேலூரும் ஒன்று. தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி மற்ற மூன்று. எம்எஸ்ஓவிடமிருந்து வாங்கித் தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுவருபவர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர், அதாவது எல்சிஓ. மாதாமாதம் வீட்டுக்கு வந்து காசு வாங்குகிறவர்.

2. டிடிஎச். நம் வீட்டு மாடியிலேயே டிஷ், நேரடியாகச் செயற்கைக்கோளிலிருந்து. டாடா ப்ளே, ஏர்டெல், சன் டைரக்ட் எல்லாம் இந்த வகை. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இதில் சேர்ந்ததுதான்.

3. ஐபிடிவி. இன்டர்நெட் நிறுவனம் தன் சொந்த ஃபைபர் வலையமைப்புக்குள்ளேயே டிவி சேனல்களை அனுப்புவது. பார்ப்பதற்குச் செயலி மாதிரி இருக்கும், சட்டத்தின் கண்ணில் இது கேபிளுக்கு இணையானது. குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

4. ஓடிடி. பொது இன்டர்நெட் வழியாக வரும் செயலிகள். சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5, யூடியூப் போன்றவை. எந்த நிறுவனத்தின் இன்டர்நெட் இருந்தாலும் ஓடும்.

எல்லாச் சேனலும் ஒரே செயலியில் ஏன் இல்லை

கேபிள் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995இல் வந்தது. 2011 திருத்தத்துக்குப் பிறகு நாடு நான்கு கட்டமாக டிஜிட்டலுக்கு மாறியது. கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் வராது என்ற நிலை அதிலிருந்து வந்ததுதான்.

அடுத்து வந்தது தொலைத்தொடர்பையும் ஒளிபரப்பையும் ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை. 2019 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் ஒளிபரப்பாளர் விலை அறிவிக்க வேண்டும், பார்ப்பவர் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. சேனல் விலை போக, இணைப்புக்கென்று தனியாக 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு வரை வாங்கலாம் என்றார்கள். அந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. இப்போது இணைப்புக் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான பில் வருகிறது.

இந்த விதிகளோடு சேர்ந்த இன்னொரு விதிதான் நம் கேள்விக்குச் சாவி. உரிமம் பெற்ற விநியோகஸ்தர் முறைப்படி கேட்டால், ஒளிபரப்பாளர் தன் சேனலைப் பாரபட்சமின்றித் தந்தே ஆக வேண்டும். கேபிள், டிடிஎச், ஐபிடிவி மூன்றுக்கும் இது பொருந்தும். அதனால்தான் போட்டி நிறுவனங்களின் சேனல்கள்கூட ஒரே பாக்ஸில் பக்கத்துப் பக்கத்து நம்பரில் வருகின்றன.

ஓடிடிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. செயலி வைத்திருப்பவர் யாருக்கும் எதையும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. விளைவு, சன் குழுமத்தின் நாடகங்களும் படங்களும் சன் நெக்ஸ்டில், ஜீ தமிழ் ஜீ5இல், விஜய் ஜியோஹாட்ஸ்டாரில். ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றானதால் கலர்ஸ் தமிழும் விஜய்யும் ஒரே வீட்டுக்குள் வந்தன. அது இரண்டு நிறுவனங்கள் இணைந்ததால் நடந்தது, பார்ப்பவரின் வசதிக்காக நடந்ததில்லை. கேபிளில் ஒரே ரிமோட்டில் கிடைத்ததைச் செயலிகளாக மாற்றினால் மூன்று சந்தா, மூன்று கடவுச்சொல், மூன்று விதமான திரை. நாடகத்தை நேரலையாகப் பார்ப்பது வேறு, பிறகு எபிசோடாகப் பார்ப்பது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். செயலிகள் இரண்டாவதில்தான் பலமானவை.

இலவசமாகக் கிடைப்பவை

செய்திக்காக மட்டும் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு நல்ல சேதி. தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ், நியூஸ்18 தமிழ்நாடு, சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. திருமலைச் சேவைகளைப் பார்க்க நம் மாவட்டத்தில் பலர் திறக்கும் எஸ்விபிசியும் அங்கேயே உண்டு. பொதிகை என்று நாம் பழகிய சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. அதையும் மற்ற தூர்தர்ஷன் சேனல்களையும், தூர்தர்ஷனை நடத்தும் அமைப்பான பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் பார்க்கலாம்.

கிரிக்கெட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அப்படிப் பகிரப்பட்டதைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்குப் போகும் சேனலில் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அந்த மாதிரி மேட்ச்சை இலவசமாகப் பார்க்க வேண்டுமானால் கேபிளை விட ஃப்ரீ டிஷ்தான் சரி. ஐபிஎல் இந்தச் சட்டத்தின் கீழ் வராது.

லோக்கல் சேனல்: எந்தச் செயலியும் ஈடு செய்யாதது

கேபிளை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பிறகுதான் இதை உணர்கிறார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு, வேலூரில் சித்ரா பௌர்ணமிப் புஷ்பப் பல்லக்கு, ரத்தினகிரியில் ஆடிக் கிருத்திகை, வள்ளிமலைத் தேர். கூட்டத்துக்குள் போக முடியாத வயதானவர்கள் இவற்றைப் பார்ப்பது சாட்டிலைட் சேனலில் இல்லை, ஊர்ச் சேனலில். பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, குடிநீர் வராத வார்டு பற்றிய செய்தி எல்லாம் அங்கேதான். சென்னையில் இருக்கும் செய்திச் சேனலுக்குப் பேரணாம்பட்டு ஒரு வரிச் செய்தி. பேரணாம்பட்டு சேனலுக்கோ அதுதான் முழுச் செய்தி.

இந்தச் சேனல்கள் ஏன் செயலிகளில் வருவதில்லை?

முதல் காரணம், இவை செயற்கைக்கோளுக்குப் போவதே இல்லை. எம்எஸ்ஓவின் அறையிலோ உள்ளூர் ஆபரேட்டரின் அறையிலோ சேர்க்கப்பட்டு அந்த ஒயருக்குள்ளேயே ஓடுகின்றன. பக்கத்து ஊரில் வேறு ஆபரேட்டர் என்றால் அங்கே தெரியாது.

இரண்டாவது, சட்டத்தில் இவற்றுக்குத் தனி இடம். விநியோக நிறுவனம் தானே நடத்தும் சேனல்களுக்கான வழிகாட்டு விதிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. அப்படிப்பட்ட சேனல்களைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு எம்எஸ்ஓ கொண்டுசெல்லக்கூடிய மொத்தச் சேனல்களில் 5 சதவீதத்துக்கு மேல் அவை இருக்கக் கூடாது. மற்ற விநியோகஸ்தருக்குத் தந்தாக வேண்டிய சாட்டிலைட் சேனல் பட்டியலில் இவை இல்லை. எனவே ஃபைபர் நிறுவனத்தின் ஐபிடிவியில் 500 சேனல் வந்தாலும் அதில் உங்கள் ஊர்ச் சேனல் இருக்காது.

மூன்றாவது பணம். பல ஊர்களில் லோக்கல் சேனல் ஓடுவது நகைக்கடை, ஜவுளிக்கடை, பர்னிச்சர் கடை விளம்பரத்தில். இணைப்பு குறைந்தால் விளம்பரம் குறையும், விளம்பரம் குறைந்தால் கேமராவோடு தேர் வீதிக்கு வருவதற்கு ஆள் இருக்காது. கேபிளை நிறுத்தும் ஒவ்வொரு வீடும் இதில் ஒரு சிறு பங்கு வகிக்கிறது. மாதச் செலவைக் குறைக்க நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போடும்போது இந்த இழப்பையும் ஒரு வரியாகச் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சில உள்ளூர்ச் சேனல்கள் யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் திருவிழாக்களை நேரலையாகப் போடுகின்றன. உங்கள் சேனல் போடுகிறதா என்று ஆபரேட்டரிடமே கேளுங்கள். போடவில்லை என்றால் போடச் சொல்லுங்கள். இணைப்பு வைத்திருப்பவர் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று, உங்கள் தெருவில் கேபிள் தருபவரே பல இடங்களில் ஃபைபர் இன்டர்நெட்டும் தருகிறார். ஒரே ஃபைபரில் டிவியும் இன்டர்நெட்டும் சேர்த்து வரும்போது லோக்கல் சேனலும் தொடரும். பெரிய நிறுவனத்துக்குப் போகும் முன் அந்த விலையையும் விசாரிப்பது நல்லது.

டேட்டா, கரன்ட், மழை

ஓடிடியில் எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 2 முதல் 3 ஜிபி செலவாகும். நம் வீடுகளில் டிவி மாலையில் மட்டும் ஓடுவதில்லை. சமையல் வேலைக்கு நடுவிலும் ஓடிக்கொண்டிருக்கும். நாளுக்கு 6 மணி நேரம், மணிக்கு 2 ஜிபி என்று வைத்தால் நாளுக்கு 12, மாதத்துக்கு 360 ஜிபி. பல ஃபைபர் திட்டங்களில் "அன்லிமிடெட்" என்பதற்குள் 3,300 ஜிபி அளவில் ஒரு வரம்பு இருக்கிறது. அதற்கு இது ஒன்றுமில்லை. ஒயர் இல்லாமல் 5ஜியில் வரும் ஜியோ ஏர்ஃபைபர் போன்றவற்றில் வரம்பு 1,000 ஜிபிதான். இரண்டு டிவி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டிலிருந்து வேலை என்று சேர்ந்தால் மாதக் கடைசியில் இடிக்கும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தை ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்குக் கொடுப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் காணாது.

ஐபிடிவியின் பலம் இங்கே தெரியும். பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் முதலில் கொண்டுவந்த ஐஎஃப்டிவி சேவையில் 500க்கும் மேற்பட்ட சேனல்கள், பார்ப்பதற்கான டேட்டா திட்டத்தின் கணக்கில் கழியாது. ஜியோவின் ஜியோடிவி பிளஸ், 2025 மார்ச்சில் ஏர்டெல் தொடங்கிய ஐபிடிவி ஆகியவையும் ஃபைபர் திட்டத்தோடு சேர்ந்தே வருகின்றன. ஒரே நிபந்தனை, அந்த நிறுவனத்தின் இணைப்பு இருந்தால்தான் ஓடும். இன்டர்நெட்டை மாற்றினால் டிவியும் போய்விடும்.

கரன்ட் விஷயத்தில் பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய முறைக் கேபிளில் தெருவுக்குத் தெரு சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்குக் கரன்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்தத் தெருவில் மின்தடை என்றால் படம் வராது. வீடு வரை வரும் ஃபைபரில் நிறுவனத்தின் அறைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் பொதுவாகக் கரன்ட் தேவைப்படும் கருவி இல்லை. அங்கே ஜெனரேட்டரும் இங்கே இன்வெர்ட்டரும் இருந்தால் டிவி ஓடும். வேலூர் வெயிலில் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

டிடிஎச்சின் எதிரி மழை. அது பயன்படுத்தும் கேயு அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். மழை விட்டால் திரும்ப வந்துவிடும். ஃப்ரீ டிஷ் வைப்பவர்கள் தென்கிழக்கு வானம் மறைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வாங்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது.

ஓடிடியில் நேரலை சில பத்து வினாடிகள் பின்தங்கியே வரும். பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து ஆரவாரம் கேட்ட பிறகுதான் உங்கள் திரையில் பவுலர் ஓடிவருவார். மேட்ச் பார்க்கும் வீட்டுக்கு இது பெரிய குறை.

எந்த வீட்டுக்கு எது

மலைக் கிராமங்கள்: அணைக்கட்டுப் பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற இடங்களில் ஃபைபர் பேச்சுக்கே அவ்வளவாக இடமில்லை. டிடிஎச்தான் வழி. மாதக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் ஃப்ரீ டிஷ். அதில் முன்னணித் தனியார் தமிழ்ச் சேனல்களை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு: கேபிளையே வைத்துக்கொள்வது நல்லது. நம்பர் அழுத்தினால் சேனல் வர வேண்டும், பழுது என்றால் கூப்பிட்டதும் ஆள் வர வேண்டும். செயலி அப்டேட் கேட்டு நின்றால் அவர்களால் சமாளிக்க முடியாது. இங்கே மிச்சமாகும் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு அந்தத் தொல்லை தகாது.

ஃபைபர் ஏற்கெனவே இருக்கும், நாடகத்தை நேரத்துக்குப் பார்க்கும் வீடு: உங்கள் நிறுவனம் ஐபிடிவி தருகிறதா என்று முதலில் பாருங்கள். கேபிளுக்கு மிக நெருங்கிய மாற்று அதுதான். ஸ்மார்ட் இல்லாத பழைய டிவி என்றால் அதற்கான பாக்ஸ் வேண்டும்.

வேலைக்குப் போகும் இளையவர்கள், விஐடி பக்கம் அறை எடுத்திருக்கும் மாணவர்கள்: ஒரு செயலிச் சந்தாவும் யூடியூப் செய்தியும் போதும்.

தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள்: காட்பாடியிலிருந்து சித்தூர் எல்லை வரையும் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியிலும் இது முக்கியம். தமிழ்நாட்டுத் தொகுப்பில் மற்ற மொழிச் சேனல்கள் குறைவாகவே இருக்கும், தனியாகச் சேர்க்க வேண்டும். செயலிகளில் இந்தத் தடை இல்லை. ஜெமினி நிகழ்ச்சிகள் சன் நெக்ஸ்டிலேயே உண்டு, ஸ்டார் மா ஜியோஹாட்ஸ்டாரில்.

ஒரு எச்சரிக்கை. "வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய், உலகத்துச் சேனல் எல்லாம்" என்று வாட்ஸ்அப்பில் விற்கப்படும் செயலிகளும் பாக்ஸ்களும் உரிமம் இல்லாதவை. முறையான ஐபிடிவி உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் பில்லிலேயே வரும். அடையாளம் தெரியாத ஆளின் ஜிபே நம்பருக்குப் பணம் கட்டச் சொன்னால் அது திருட்டு ஒளிபரப்பு. ஒருநாள் நின்றுவிட்டால் கேட்க ஆள் இருக்காது. அந்தச் செயலி உங்கள் டிவியில் வேறு என்ன செய்கிறது என்றும் தெரியாது.

பாக்ஸைத் திருப்பித் தரும் முன்

1. ஒரு வாரம் வீட்டில் யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். 300 சேனல் வரும் வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுதான்.

2. அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே யூடியூப், செயலி, ஐபிடிவி, கேபிள் மட்டும் என்று குறியுங்கள். "கேபிள் மட்டும்" என்ற பத்தியில் லோக்கல் சேனலைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் மாறலாமா என்று யோசிக்கலாம்.

3. செயலிகளின் விலையை மாதக் கணக்குக்கு மாற்றி ஒப்பிடுங்கள். வருடச் சந்தாவில் மலிவாகத் தெரிவது, மூன்றைக் கூட்டினால் கேபிள் பில்லைத் தாண்டலாம். ஒரே சமயத்தில் எத்தனை டிவியில் பார்க்கலாம், டிவியில் பார்க்க அனுமதி உண்டா, மொபைலில் மட்டுமா என்பதையும் திட்டத்திலேயே பாருங்கள்.

4. கேபிளை ஒரேயடியாகத் துண்டிக்காமல் ஒரு மாதம் இரண்டையும் ஓடவிடுங்கள். அந்த மாதத்தில் ஒரு திருவிழாவோ ஒரு மேட்ச்சோ வந்தால் இன்னும் நல்லது.

5. நிறுத்துவதாக முடிவானால் செட்டாப் பாக்ஸ் யாருடையது என்று கேளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு திருப்பிக் கேட்கலாம். ஒரு எம்எஸ்ஓவின் பாக்ஸ் இன்னொருவரிடம் வேலை செய்யாது. அரசு கேபிளின் பாக்ஸ்கள் 2022 நவம்பரில் மென்பொருள் பிரச்சினையால் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நாளில் நின்றபோது, வேறு எம்எஸ்ஓவுக்கு மாற நினைத்தவர்கள் புது பாக்ஸ்தான் வாங்க வேண்டியிருந்தது. வாடகை பாக்ஸ் என்றால் திருப்பித் தந்ததற்கு எழுத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.